பழைய முதலாளியிடம் இடம் வேண்டல்

நம் கல்லூரியில் வணிகவியல் பயின்று சில ஆண்டுகட்கு முன் வெளிப்போந்த நண்பர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் எம்மைக் காண வந்திருந்தார். சேவூர் அவர்தம் ஊர். உண்டு உரையாடியிருந்த பின் எம்மிடம் ஒரு வினாவை விடுத்தார். "யான் முன்னர் ஊழியம் செய்து விலகிய கம்பெனியின் முதலாளியிடமே சென்று, அவருடைய அலுவலகத்தில் ஓர் அறையை எனக்கும் பகிர்ந்து தருமாறு கேட்கலாமா? அங்ஙனம் கேட்பது முறைதானா?" என்பதே அவ்வினா. கேட்டற்குச் சிறிதாயினும், அதனை எண்ணுந்தோறும் அஃது அவர் ஒருவர்க்கே உரிய வினா அன்று என்பது எமக்குப் புலனாயிற்று. இம்மலரைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை ஒருவரிடம் ஊழியம் புரிவர். சில ஆண்டுகள் கழித்து அதனை விட்டுச் சொந்தக் காலில் நிற்க முயல்வர். அஞ்ஞான்று அவர்க்கும் இவ்வினா எழும். ஆகலின் எம் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சேவூரை அறியாதார் பொருட்டு முதற்கண் சில சொற்கள். அவிநாசியினின்று புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில் அமைந்த பழைய ஊர் அது. வாலீசுவரர் கோயிலை உடையது. அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நிலக்கடலை ஏலத்திற்குப் பெயர் பெற்றது. சுற்றுப்புறத்து உழவர் கடலை மூட்டைகளை வண்டியேற்றிக் கொணர்ந்து விற்றுச் செல்வர். கடலையும் கால்நடையுமாக வாழ்ந்த அவ்வட்டாரத்தைப் பனியன் தொழில் தன்பால் ஈர்த்துக்கொண்டது. திருப்பூரில் முதற் பின்னலாடைத் தொழிற்சாலை 1925-ஆம் ஆண்டளவில் குலாம் காதர் சாகிபு என்பாரால் தொடங்கப்பெற்றது என்பர். 1970-களில் வெளிநாட்டு வணிகர் வரத்தொடங்கினர். இன்று இந்திய நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியிற் பாதிக்கு மேற்பட்டது அந்நகரைச் சார்ந்தே நிகழ்கின்றது. விடியற்காலையில் கம்பெனி வேன்கள் சேவூர் போன்ற ஊர்கட்கு வந்து ஆடவரையும் மகளிரையும் ஏற்றிச் செல்வதும், இரவில் கொணர்ந்து விடுவதும் அங்கு அன்றாடக் காட்சி. ஆட்கள் இருக்கும் இடத்திற்கே சென்று தையற்கூடம் அமைத்த கம்பெனிகளும் சில உள.

நண்பர் அத்தகைய கம்பெனியொன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர். வெளிநாட்டு வணிகர்க்கும் தொழிற்சாலைக்கும் இடைநின்று, மாதிரி உடை, அளவுப் பட்டியல், துணி, சாயம், அனுப்ப வேண்டிய நாள் ஆகிய யாவற்றையும் கண்காணிக்கும் அலுவல் அவருடையது. மெர்ச்சண்டைசர் என்று திருப்பூரார் அவ்வலுவலரை அழைப்பர். இரண்டாண்டுகட்கு முன் அவ்வேலையை விடுத்து, தமக்கென ஒரு மெர்ச்சண்டைசரை வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாத மூன்று சிறு பனியன் கம்பெனிகட்கு அதே அலுவலைத் தனித்துச் செய்து வருகின்றார். வருவாய் பெரிதன்று, ஆயினும் உள்ளது. குறை ஒன்றே: அமர்வதற்கு இடமில்லை. இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் முதிய பாட்டியார் நோயுற்றுக் கிடக்கின்றார். மாதிரி உடைகள் கட்டிலின் கீழ் மூட்டையாய்க் கிடக்கின்றன. காண வருவோரைத் தேநீர்க்கடைப் பலகையில் அமரச்செய்து பேசுகின்றார். திருப்பூரில் வாடகைக்கு அறை எடுப்பின் வருவாயின் பெரும்பகுதி அதற்கே போம். அவருடைய பழைய கம்பெனியோ சேவூருக்கு அணித்தே ஒரு தையற்கூடம் வைத்திருக்கின்றது. அதன் முன்புறத்தில் அலுவலகத்திற்கெனக் கட்டிய இரண்டு அறைகளுள் ஒன்று பூட்டியே கிடக்கின்றது. வழியிற் போகும்போதெல்லாம் அப்பூட்டைப் பார்த்துக்கொண்டே செல்வதாக அவர் கூறினார்.

இங்ஙனம் ஒருபால் வெற்றறையும் மற்றொருபால் அறை வேண்டுவோரும் இருக்க, இடைநின்று தடுப்பது யாது? கௌரவம் என்னும் ஒன்றே. நண்பருடைய தந்தையார், "விட்டுப்போட்டு வந்த வாசல்ல மறுக்கா போயி நிக்கறதா, கண்ணு?" என்று வினவினாராம். அச்சொல்லில் மானம் உண்டு; அதனை யாம் எள்ளுகின்றோம் அல்லேம். ஆயினும் அதன் அடியில் மறைந்துள்ள எண்ணம் ஆராயத்தக்கது. ஊழியத்தை விட்டு விலகுதல் ஒருவகைப் பகை என்றும், விலகினோன் மீண்டு வருதல் தோல்வி என்றும் நம்மவர் கருதுகின்றனர். இக்கருத்து எங்கிருந்து வந்தது? முதலாளி என்பவர் சோறிடும் ஆண்டை, ஊழியன் என்பவன் அவர்க்குக் கட்டுண்ட அடிமை என்றிருந்த பழங்காலத்தினின்று வந்தது. கட்டு அறுத்து ஓடியவன் அன்றோ மீண்டும் அவ்வாயிலில் நிற்க அஞ்சுவான்? சம்பளத்திற்கு உழைப்பை அளித்து, காலம் முடிந்தபின் விடைபெற்றவன் அஞ்சுதற்கு இடமில்லை.

சட்டமும் இதனையே கூறுகின்றது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவன் முறையான தொழில் எதனையும் செய்யாவண்ணம் தடுக்கும் உடன்படிக்கை அத்தடையளவில் செல்லாது என விதிக்கின்றது. வேலையில் இருக்கும் காலத்துக்குரிய கட்டுப்பாடு வேறு. வேலையை விட்ட பின்னரும் தொடரும் தடை வேறு. பின்னது செல்லாது என்பதை உச்சநீதிமன்றமும் 1980-இல் ஒரு வழக்கில் எடுத்துக்காட்டியுள்ளது. ஆகவே, தாம் கற்ற தொழிலைத் தனித்துச் செய்தல் நண்பரின் உரிமை, குற்றம் அன்று. பழைய கம்பெனியின் மறைபொருள்களை வெளியிடாதிருத்தல் மட்டும் அவர்மேல் நின்ற கடமை. உரிமையோடு வாழ்பவன் பழைய முதலாளியை ஒத்த வணிகனாக நின்று காணலாம்.

இனி, இத்தகைய வேண்டுகோள் உலகில் புதிதோ எனின், அன்று. நீராவி எந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டின் வரலாற்றை மாணவர் அறிவர். ஆயினும் அவர்க்குத் தொழில் செய்ய இடம் கிடைத்த கதையைப் பலர் அறியார். அவர் இலண்டனில் ஓராண்டு கருவித்தொழில் கற்று 1756-இல் ஸ்காட்லாந்துக்கு மீண்டபோது, கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் ஜமைக்காத் தீவினின்று வந்த வானியற் கருவிகளைத் துப்புரவு செய்யும் சிறுவேலை ஒன்றை அவர்க்கு அளித்தனர். வேலை முடிந்தது, கூலியும் பெற்றார். பின்னர் நகரத்தில் கடை வைக்க முயன்றார். ஏழாண்டுப் பயிற்சி முடியாதவர் என்று கூறி அந்நகரத்துக் கம்மியர் சங்கத்தார் தடுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அப்போது அவர்க்குக் கைகொடுத்தது முன்பு வேலையளித்த அப்பல்கலைக்கழகமே. 1757-இல் தன் கட்டிடத்துள் ஓர் அறையை அவர்க்குப் பட்டறையாக அளித்து, கணிதக் கருவி செய்வோர் என்னும் பெயரையும் சூட்டியது.

அவ்வறையால் விளைந்த நன்மையை நோக்குவோம். பேராசிரியர் ஜோசப் பிளாக் முதலிய அறிஞர் வாட்டின் பட்டறைக்கு வந்து அளவளாவினர். 1763-ஆம் ஆண்டு இறுதியை ஒட்டிய குளிர்காலத்தில், பல்கலைக்கழகத்துக்குரிய நியூகமன் எந்திரத்தின் மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. அதனை ஆராய்ந்ததன் பயனாகவே 1765-இல் நீராவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் எண்ணம் அவருள்ளத்தில் உதித்தது. 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் நூற்பாலைகளின் சக்கரங்களைச் சுழற்றியது அவ்வெந்திரமே. ஓர் அறை மட்டும் இவற்றையெல்லாம் செய்தது என்று யாம் கூறவில்லை. இடம் பெற்றவன், அவ்விடத்தைச் சூழ்ந்த மக்களையும், அவர் அறிவையும், அவர்பால் வரும் வேலையையும் உடன் பெறுகின்றான் என்பதே யாம் வற்புறுத்துவது. நண்பர்க்கும் அவ்வறை மேசையும் நாற்காலியும் இடும் இடமாக மட்டும் அமையாது. பக்கத்திலேயே ஓவர்லாக், பிளாட்லாக் பொறிகள் ஓடுகின்றன. ஐயம் எழுந்தால் கட்டிங் மாஸ்டரை எழுந்து சென்று கேட்கலாம். வீட்டுக் கட்டிலின் கீழ் இவை கிட்டா.

அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். 1972 ஏப்ரலில் ஜெர்மனி நாட்டில் ஐ.பி.எம். கம்பெனியினின்று விலகிய ஐவர் எஸ்.ஏ.பி. என்னும் கணினிமென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினர். தமக்கெனக் கணினி வாங்கும் பொருள் அவரிடம் இல்லை. ஆஸ்டிரிங்கன் என்னும் ஊரில் இருந்த நைலான் இழை ஆலையார் தம் வேலையை அவர்களிடம் ஒப்புவித்ததோடு, தம் கணினிகளை இரவிலும் வாரவிடுமுறையிலும் பயன்படுத்திக்கொள்ள இசைந்தனர். ஐ.பி.எம். ஊழியராயிருந்த காலத்திலேயே அவர்கட்கு அறிமுகமாகியிருந்த ஆலை அது. பழைய ஊழியத்தின் வழி வந்த பழக்கமே புதிய தொழிலுக்கு முதலாயிற்று. பிற்காலத்தில் உலகெங்கும் பேரெடுத்த நிறுவனம் முதலில் பிறர் இடத்தில், பிறர் பொறியில், பிறர் உறங்கும் நேரத்தில் உழைத்தது.

கடல் கடந்து செல்வானேன்? திருப்பூரின் வரலாறே இதற்குச் சான்று. சரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் அந்நகரைப் பற்றி 2004-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். உழவர் குடியிற் பிறந்து பனியன் கம்பெனிகளில் கூலிக்கு உழைத்தோர் பலர், காலப்போக்கில் தம்முட் கூட்டுச் சேர்ந்து தாமே முதலாளிகள் ஆன வரலாற்றை அவர் விரித்துரைக்கின்றார். கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம், செக்கிங்கும் அயர்னும் வேறோரிடம் எனத் தொழில் பல கூறாகப் பிரிந்து நடப்பதாலேயே, சிறு முதல் உடையோனும் ஒரு கூறினை எடுத்துச் செய்ய இயலுகின்றது. நேற்றைய ஊழியன் இன்றைய ஜாப் ஒர்க் காரனாகவும், நாளைய கூட்டாளியாகவும் ஆகும் ஊர் அது. இன்று பெரிய நாற்காலியில் வீற்றிருப்போருள் எத்துணைப் பேர் ஒரு காலத்தில் பிறர் கொட்டகையின் ஓரத்தில் இரண்டு பொறிகளைப் போட்டுத் தொடங்கியவர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

இவற்றையெல்லாம் எடுத்துக்கூறி, "தயங்காது சென்று கேளும்" என்று யாம் நண்பர்க்கு அறிவுரை பகர்ந்தோம். அவர் முகம் மலரவில்லை. ஏதோ குறை உளது என்று ஐயுற்று, "நீர் அக்கம்பெனியை விட்டு எவ்வாறு வந்தீர்?" என வினவினோம். நெடுநேரம் வாளா இருந்தார். பின்னர் உண்மையைக் கூறினார். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கிய பரபரப்பான காலத்தில், முன்னறிவிப்பு ஏதும் கொடாமல், ஒருநாட் காலை முதல் வேலைக்குச் செல்லாது நின்றுவிட்டாராம். மேலாளர் கூறிய கடுஞ்சொல் ஒன்றே காரணம். தொலைபேசி மணி பன்முறை அடித்தும் எடுத்திலர். அளவுப் பட்டியலில் வணிகர் செய்த திருத்தம் அவர் ஒருவர்க்கே தெரிந்திருந்தமையால், அச்சரக்கு தடைப்பட்டது. கப்பலிற் செல்ல வேண்டியதனை வானூர்தியில் அனுப்பும்படி ஆயிற்று. அம்மிகைச் செலவு முதலாளியின் கையை விட்டே போயிற்று. "அதனால்தான் ஐயா, எனக்குக் கால் எழவில்லை" என்றார்.

அப்போதுதான் எமக்கு விளங்கிற்று: அவரைத் தடுத்தது கௌரவம் அன்று, கடன். தந்தையாரின் மானச்சொல்லை அவர் ஒரு திரையாகக் கொண்டிருந்தார். யாமும் முன் கூறிய அறிவுரையைத் திருத்திக்கொண்டோம். உரிமையோடு விலகியவன் நேரே சென்று இடம் கேட்கலாம். கடன் வைத்து விலகியவன் முதலிற் கடனைத் தீர்த்தல் வேண்டும். இடம் கேட்கச் செல்லும் அன்றே மன்னிப்பும் கேட்பானாயின், அம்மன்னிப்பு இடத்திற்குக் கொடுக்கும் விலையாகிவிடும். கேட்பவர்க்கும் அது கசக்கும். எனவே, "முதன்முறை செல்லும்போது இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர். செய்த பிழையை மட்டும் கூறி மீளும். அதன்பின் அவர் முகம் கொடுப்பின், சில நாள் கழித்து இரண்டாம் முறை செல்லும்" என்றோம்.

நிற்க. இடம் கேட்கும் முறையைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். நம் இளைஞர் பலர் கேட்க வேண்டியதைச் சுற்றி வளைத்துக் கேட்கின்றனர். அல்லது, "உங்கள் தயவு" என்று பொதுப்படக் கூறிக் கைகட்டி நிற்கின்றனர். இரண்டும் தவறு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. எத்துணை இடம் வேண்டும், எந்நேரம் முதல் எந்நேரம் வரை, எத்தனை திங்கட்கு, யாவர் யாவர் வந்துபோவர், மின்சாரத்திற்கும் வாடகைக்கும் எவ்வளவு தர இயலும் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. அவர்க்கு அதனால் வரும் பயன் இது என்பதையும் மறவாது எழுதுக: பூட்டிய அறைக்கு வாடகை வரும், கூடத்தில் தொழிலறிந்த ஒருவர் இருப்பார், தம்பால் வரும் சிறு கம்பெனிகளின் தையல் வேலையை, பொறிகள் ஓய்ந்திருக்கும் நாட்களில் அக்கூடத்திற்கே அளிக்கலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையாற் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்க நாட்டார் இந்தியச் சரக்குகட்கு 50 விழுக்காடு வரி விதித்தபோதும், திருப்பூர் வட்டாரம் எத்துணை இடர்ப்பட்டது என்பதை யாவரும் அறிவர். அத்தகைய காலத்தில் சிறு வாடகையும் சிறு ஆர்டரும் இகழத்தக்கன அல்ல.

மூன்று உறுதிமொழிகளை அவர் கேளாமுன்னரே அளித்தல் வேண்டும். அவர்தம் வணிகரைத் தாம் நாடுவதில்லை என்பது ஒன்று. அவர்தம் ஆட்களைத் தம் வேலைக்கு இழுப்பதில்லை என்பது இரண்டு. அக்கூடத்தில் கண்ட மாதிரி, கேட்ட விலை ஆகியவற்றைப் புறத்தே பேசுவதில்லை என்பது மூன்று. ஒரே கூரையின்கீழ் இருவர் தொழில் புரியுங்கால் கண்ணும் செவியும் தாமே பகைவர் ஆதல் கூடும். மாதிரி உடைகளைப் பூட்டிவைக்க இருவர்க்கும் தனித்தனி அலமாரி இருத்தல் நலம். இஃது ஐயப்பாடு அன்று. நட்பைக் காக்கும் வேலி.

அடுத்தது எழுத்து. "நமக்குள் எதற்கு எழுத்து?" என்னும் சொல்லால் கெட்ட நட்புகள் நம் நாட்டிற் பல. ஓர் அறையைத் தனியே அனுபவிக்கும் உரிமையை ஒருவர்க்கு விடுதல் குத்தகை. உடைமையாளரின் இடத்தில் இருந்து வேலை செய்துகொள்ள இசைவு மட்டும் தருதல் உரிமம். முன்னதைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவும், பின்னதை வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் விளக்குகின்றன. இரண்டு சட்டங்களும் 1882-இல் இயன்றவை. பகிர்ந்த அலுவலகத்திற்குப் பெரும்பாலும் உரிமமே பொருந்தும். இடம் தருவோர்க்கு, "நாளை இவன் எழமாட்டானோ?" என்னும் அச்சம் அதனால் நீங்கும். இடம் பெறுவோரோ, இத்தனை நாள் முன்னறிவிப்பின்றி எழச் சொல்லலாகாது என்று அதில் எழுதிக்கொள்ளலாம். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவிற்குத் தொழிலிட முகவரி வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லாதவிடத்து, உடைமையாளரின் இசைவுக் கடிதமும் அவர் பெயரிலுள்ள மின்கட்டண இரசீதோ வரி இரசீதோ ஒன்றும் இணைக்கப்பெறும். இவற்றைத் தருவதால் தம் சொத்திற்கு ஏதம் வருமோ என அஞ்சுவோர் பலர். ஆதலின் முன்னரே எடுத்து விளக்குதல் தகும். மின்சாரத்திற்குத் தனி அளவி ஒன்று பொருத்திக்கொள்ளின், திங்கள்தோறும் எழும் சிறு பூசல்கள் இல்லாதொழியும்.

முதலாளிமார்க்கும் ஒரு சொல். விலகிச் சென்ற ஊழியனைத் துரோகி என்று தூற்றுதல் எளிது. ஆயின், ஆறு ஆண்டுகள் நும் செலவில் தொழில் கற்ற ஒருவன் நும் வாயிலுக்கு மீண்டு வருதல் நுமக்கு இழிவோ பெருமையோ? அவன் திறமையையும் குறையையும் நீவிர் நன்கறிவீர். புதிய ஒருவனை அறிய எத்துணைக் காலம் செல்லும்! இடம் இல்லையெனின் இல்லை என்று அன்றே கூறிவிடுக. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஆறு வாரம் அலைக்கழித்தல் மறுத்தலினும் கொடிது. கொடுக்க இசைந்தால், அதனைப் பிச்சையாக எண்ணாதீர். பிச்சை என எண்ணிக் கொடுத்த இடத்தில், பெற்றவன் நும் ஏவலாளன் ஆகிவிடுவான். சம்பளமின்றி அவனை வேலை வாங்கும் மனம் நுமக்கும் வந்துவிடும்.

மற்றொரு கேட்டையும் மறைத்தல் ஆகாது. ஒரே கூடத்தைப் பெயரளவிற் பல சிறு கம்பெனிகளாகப் பிரித்து, தொழிலாளர்க்குரிய சேமநிதியையும் காப்பீட்டையும் தவிர்ப்பதற்கு இப்பகிர்வை ஒரு சூழ்ச்சியாகக் கொள்வோரும் உளர். பழைய ஊழியனைக் காண்டிராக்டர் எனப் பெயர்மாற்றி, அவன் தலையிற் பொறுப்பனைத்தையும் சுமத்துதல் இடம் அளித்தல் அன்று, பழி மாற்றுதல். அத்தகைய அழைப்பு வரின் இளைஞர் அதனை ஏற்றல் கூடாது. இடத்தைப் பகிர்தல் என்பது இரண்டு உண்மையான தொழில்கள் ஒரு கூரையின்கீழ் அமைவது; ஒரு தொழிலுக்கு இரண்டு முகமூடி இடுவது அன்று.

மகளிரைப் பற்றிக் கூறாது விடின் இக்கட்டுரை நிறைவுறாது. திருமணத்தின் பின்னும் மகப்பேற்றின் பின்னும் கம்பெனி வேலையை விட்ட தையற்பெண்டிர் சேவூர்ப் பக்கத்து ஊர்களில் பலர். கைத்திறன் உண்டு; பன்னிரண்டு மணிநேரம் வீட்டைப் பிரிந்திருக்கும் வசதி இல்லை. அவருள் இருவரோ மூவரோ கூடித் தம் பழைய கம்பெனியை அணுகி, ஊரிலுள்ள கூடத்தில் இரண்டு பொறிகள் இடும் அளவு இடமும், பிள்ளைகள் பள்ளியிலிருக்கும் நேரமும் கேட்பாராயின், அது நியாயமான வேண்டுகோள். ஆனால் தனித்துச் செல்லாது கூடிச் செல்க. கழிப்பறையும், பாதுகாப்பும், வீடு திரும்பும் நேரமும் வாடகையைப்போலவே பேசித் தீர்க்க வேண்டியவை. கூச்சத்தால் அவற்றை விட்டுவிட்டுப் பின்னர் வருந்துதல் கூடாது. கேட்பதற்கு ஆடவரினும் இவர்க்கே கூச்சம் மிகுதி. பெறுவதற்குத் தகுதியும் இவர்க்கே மிகுதி.

நண்பர் செய்தி யாதாயிற்று என்று கேட்பீர். சென்ற திங்களில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. முதன்முறை சென்றபோது முதலாளி அவரை ஒரு மணிநேரம் வெளியே அமரச்செய்தனராம். பின்னர் உள்ளே அழைத்து, அவர் கூறியதனைத்தையும் கேட்டு, "ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமேப்பா" என்று மட்டும் கூறித் தேநீர் வருவித்தனராம். மூன்று வாரம் கழித்து நண்பர் தாளும் கையுமாக மீண்டும் சென்றார். பூட்டிய முன்னறை கிடைக்கவில்லை. அது முதலாளியின் மகனார்க்கென வைக்கப்பட்டதாம். செக்கிங் பகுதியை ஒட்டிய சிறிய பக்கவறை ஓராண்டுக்குக் கிடைத்தது. சரக்கு மிகும் காலத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்க அதனிற் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. வாடகை, நண்பர் தர இசைந்ததனினும் சிறிது கூடுதல். அவர் பேரம் பேசவில்லை. காரணத்தை அவர் எழுதவில்லை, யாமும் வினவவில்லை.

தந்தையார் அவ்வறையை ஒருநாட் காண வந்து, சாளரத்தின் வழியே ஓடும் பொறிகளைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, ஒன்றும் கூறாது சென்றனர் எனவும் எழுதியிருந்தார்.

எனவே, மாணவ நண்பர்காள்! நாளை ஊழியத்தில் அமர்வீர். பின்னொரு நாள் அதனை விட்டும் விலகுவீர். விலகும் நாளில், மேசையைத் துடைத்து, பொறுப்பை ஒப்புவித்து, உடன் உழைத்தோரிடம் விடைசொல்லி வெளிவருக. கடுஞ்சொல் கேட்டிருப்பினும் அங்ஙனமே செய்க. அச்சொல் பேசியவர்க்குரியது, நும் கடமை நுமக்குரியது. அங்ஙனம் சாத்தி வந்த கதவை என்றேனும் ஒருநாள் தட்ட நேரின் கை நடுங்காது. பிழைபட வந்தோரும் சோர்தல் வேண்டா. கடனைத் தீர்க்கும் வழி சிறிது நீண்டதேயன்றி அடைபட்டதன்று. பழைய முதலாளியிடம் இடம் வேண்டல் முறையோ எனின், முறையே என்பது எம் துணிபு.